முப்பத்தொன்றாம் பக்கம்

நனைந்த பெட்டி.
ஜெபல் அலியில் இறக்கும்போது
எந்தத் தண்ணீர் எட்டிப் பார்த்ததோ,
'சேதாரம்' என்று முத்திரை குத்தி
ஆபீஸிலேயே பதினைந்து திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

நாள் முழுக்க நான் தட்டுவது
தொண்ணூற்றைந்து பூஜ்யம் மூன்று:
விளையாட்டுச் சாமான், பிளாஸ்டிக், இத்தனை கிலோ.
ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட
அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்ததில்லை.

உள்ளே காடு இருந்தது.
அடுக்கிக் கட்டவேண்டிய மரக்கட்டை வீடு,
கோடரியோடு ஒரு தாடிக்காரர்,
ஒரு கட்டில், ஒரு கரடி,
பனி என்று சொல்லிக்கொள்ள
வெள்ளைத் தகடு இருபது.

ஷார்ஜா, அபு ஷகாரா, ஆகஸ்ட் ஞாயிறு.
இட்லித் தட்டின் குழிகளில்
பழுப்பு, கரும்பழுப்பு, மண்பழுப்பு என்று
பிரித்து வைத்தாள் பெனிஷா.
டியூப்லைட்டில் மூன்றும் ஒன்றுதான்.
ஜன்னலுக்குக் கொண்டுபோனோம்.
ஜன்னலில் வெளிச்சம் இல்லை,
எதிர்க்கட்டடத்தின் ஜன்னல் இருந்தது.

முப்பதாம் பக்கம் வரை
சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.
முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு
ஒரே அட்டை.
ஆவி காட்டினேன். பிளேடு நுழைத்தேன்.
ஒரு படம் இன்னொன்றின் முதுகோடு உரிந்து வந்தது.
முப்பத்தொன்பதில்
கூரை ஏறி, புகைபோக்கி முளைத்து,
உள்ளே விளக்கும் எரிகிறது.
இடையில் என்ன நடந்தது என்பதற்கு
சாட்சி இல்லை.

இரண்டு தடவை விழுந்தது.

செல்வின் சோபாவிலிருந்து எழுந்து வந்து
சுவரை ஒற்றை விரலால் தட்டினார்.
நாற்பதாவது மாடிச் சாரத்தைத்
தட்டுகிற அதே விரல்.
"எல்லா இணைப்பும் ஒரே கோட்டுல வருது.
மாத்தி மாத்தி அடுக்கு."
அடுக்கினாள். நின்றது,
கொஞ்சம் துபாய்ப் பக்கம் சாய்ந்து.

"இது எதுக்கு?"
புகைபோக்கி.
உள்ளே நெருப்பு மூட்டினால் புகை வெளியே போக.
"வீட்டுக்குள்ள எதுக்கு நெருப்பு?"
குளிருக்கு.

ஏழு வயசு அவளுக்கு. பிறந்ததும் இங்கேதான்.
பொய் சொல்லிப் பிடிபட்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் தேடி
பின்சுவரில் பொருத்தினாள்: அவுட்டோர் யூனிட்.
அது சொட்டும் என்று கீழே ஒரு வாளி.
பனி முழுவதும் கூரைக்குப் போய்
தண்ணீர் டேங்க் ஆனது.

தாடிக்காரரை வாசலில் நிறுத்தி
கோடரியைக் கையில் மாட்டியதும்
செல்வின் கேட்டார், "மணி என்ன?"
ஒண்ணு பத்து.
"பன்னிரண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும்
வெளியே வேலை கிடையாது. ஃபைன் போடுவாங்க."
சிரிக்காமல் சொன்னார்.
அவளும் சிரிக்கவில்லை.
கோடரியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு
ஆளை உள்ளே படுக்க வைத்தாள்.

"கரடி?"
"அதுக்கும் சுடும்ல."

ஒரே கட்டில்தான்.
இரண்டு பேரையும் நெருக்கிப் போட்டு
கதவைச் சாத்தினாள்.

பாத்திரம் கழுவிவிட்டு நான் வந்தபோது
மூன்று அடித்திருந்தது.
அவள் மறக்கவில்லை.
கதவை ஒரு விரலால் தள்ளி, எட்டிப் பார்த்து,
மறுபடி மெதுவாகச் சாத்தினாள்.
உதட்டில் விரல் வைத்து என்னிடம்,
"தூங்குறாங்க."

சோபாவில் செல்வின்,
வாய் லேசாய்த் திறந்து,
தட்டுகிற விரல் மட்டும் தரையைத் தொட்டபடி.

எதிலும் பொருந்தாத பதினொரு துண்டு
இட்லித் தட்டில் மிச்சம்.
ஒரு குழியில் இரண்டு, ஒரு குழியில் ஐந்து,
ஏதோ கணக்கு வைத்திருக்கிறாள்.
மாவு பொங்கித் தயாராய் இருக்கிறது.
தட்டைக் கேட்கவில்லை.

ராத்திரிக்குத் தோசை போதும்.